பால்வாடியில் ஒரு ஆள் குறை

மூன்று வயது நிரம்பிய பிள்ளையை எங்கே அனுப்புவது என்ற பேச்சு கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் ஒரு வீட்டில் எழுந்தால், அது பெரும்பாலும் வேன் எத்தனை மணிக்கு வரும் என்பதில் போய்த்தான் முடிகிறது. சிப்காட்டில் காலை ஷிஃப்டுக்கு விடியுமுன்னே கிளம்புகிறவர்கள், ஜவுளிக்கடையில் இரவு வரை நிற்கிறவர்கள், கிரானைட் பட்டறைக்குப் போகிறவர்கள் என்று வீட்டுக்கு வீடு மணிக்கணக்கு மாறுகிறது. தெருக்கோடியில் அரசின் குழந்தைகள் மையமான பால்வாடி இருக்கிறது. வாசலுக்கே மஞ்சள் வேனை அனுப்பிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் நர்சரிப் பள்ளிகளும் இருக்கின்றன. பேரனை வேனில் ஏற்றிவிட்டு நின்ற ஒரு அவ்வாவிடம் பால்வாடிக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "பால்வாடியில இன்னா சொல்லித் தர்றாங்க? வெளையாடுது, சோறு துன்னுது, தூங்குது, வருது. அத வூட்லயே செய்யலாமே" என்றார்.

குழந்தைக் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் இப்படி யாராவது சொன்னால் பதறிப்போவார்கள். விளையாட்டுதான் கல்வி, பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கென்னவோ அந்த அவ்வாவின் பேச்சில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. விளையாடுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, விளையாட்டை ஒரு படி மேலே ஏற்றிவிட ஆள் இல்லாத மையத்தில் நடக்கும் விளையாட்டுக்கும் வீட்டுத் திண்ணை விளையாட்டுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. விளையாட்டா படிப்பா என்று ஐம்பது வருடமாக நடக்கும் விவாதத்தில், அந்த ஆள் யார், அவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, அவருக்கு யார் சம்பளம் தருவது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் என்று ஆலைகள் பெருகிவரும் இந்த எல்லைப் பகுதியில் அதை முன்னுக்குக் கொண்டுவராமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை.

முதலில் விளையாட்டையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பர்கூர் மொத்த ஜவுளி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். ஆகவே இங்குள்ள பிள்ளைகள் கடை வைத்து விளையாடினால் அது ஜவுளிக்கடையாகத்தான் இருக்கும். ஒரு மையத்தில் நான் பார்த்த கடையில் சரக்கு, மூக்குத் துடைக்கும் கைக்குட்டைகளும் இரண்டு துண்டுகளும். நான்கு வயதுச் சிறுமி முதலாளி. வந்தவனைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, துண்டை ஒரே வீச்சில் விரித்துக் காட்டினாள். அவன் "பெருசு வேணும்" என்றதும் இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து எது நீளம் என்று பார்த்தாள். முழங்கையிலிருந்து அளந்தாள். விலை சொல்லும்போது மட்டும் தெலுங்குக்கு மாறினாள். வீட்டில் பணப்பேச்சு தெலுங்கில் நடக்கிறது போலும். வாங்க வந்தவன் புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்தான். அவள் திருப்பி எண்ணிவிட்டு ஒன்று குறைகிறது என்றாள். சண்டை வந்தது.

அந்தச் சண்டையில்தான் விஷயம் இருக்கிறது. நீளத்தை ஒப்பிடுவது, எண்ணுவது, முறை வைத்துப் பேசுவது, தன்னை இன்னொருவராகப் பாவிப்பது, ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது எல்லாம் அதற்குள் நடந்தாகிவிட்டன. ஆயா வந்து, "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்க, நான் பாக்கறேன்" என்று அரை நிமிடம் குனிந்திருந்தால் எண்ணிக்கை சரியாகியிருக்கும், கடையும் தொடர்ந்திருக்கும். ஆயாவுக்கு அடுப்பில் பருப்பு. "ரெண்டு பேரும் கைய கட்டி உக்காருங்க" என்று ஒரு சத்தம். கடை மூடப்பட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆளின் அவசியம் ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பாட்டியல் நூல்கள் இவற்றை மூன்றாம் மாதம் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களில் வரிசைப்படுத்துகின்றன. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி அசைவது, ஒன்பதாம் மாதம் கை தட்டுவது, பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வருவது. இன்று குழந்தை மருத்துவர் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பருவங்களில் எதிரே ஒரு பெரியவர் இருக்கிறார். செங்கீரை ஆடச் சொல்கிறார், சப்பாணி கொட்டச் சொல்கிறார், முத்தம் கேட்கிறார், வா என்று கை நீட்டுகிறார், நிலாவை விளையாடக் கூப்பிடுகிறார். குழந்தையைத் தனியே ஆடவிட்டு விலகி நிற்கும் கற்பனை அந்த மரபில் இல்லை. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ அரசனாகவோ இருந்தாலும், பாட்டின் அச்சு ஒரு தாயின் ஓய்ந்த நேரம்.

அந்த ஓய்ந்த நேரம்தான் ஆலைப் பகுதியில் அருகிவிட்டது.

நவீன காலத்தில் குழந்தைப் பள்ளிகள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் தொடங்கியது பின்னர் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் பெற்றது. 1907இல் மரியா மாண்டிசோரி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் திரிந்த பிள்ளைகளுக்காக. 1920இல் கிஜுபாய் பதேகா பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் போர்டியில் குழந்தைக் கல்வியைச் சேரிகளுக்கும் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார். வீட்டு முற்றத்திலேயே நடக்கும் அங்கன்வாடி அவருடைய யோசனை. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பயிற்சி அளித்தார். ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை தமிழ்நாட்டில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் முறையாகக் கால் ஊன்றியது ஒரு விசித்திரம். மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நாம் முதலில் நினைப்பது கட்டணத்தை.

அரசு பக்கம் கதை சோற்றில் தொடங்குகிறது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கை, குழந்தையின் உணவையும் உடல்நலத்தையும் கல்வியையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அதன் ஆறு பணிகளில் ஒன்றுதான் முன்பருவக் கல்வி. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டம் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் உணவு தந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் பந்தியில் சேர்த்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய வலை வேறு பல மாநிலங்களுக்குக் கனவு. பிள்ளைகளின் உயிரைக் காத்ததில் இதற்கு உள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தட்டைச் சுற்றிக் கட்டிய அமைப்பு என்பதால், தட்டைக் கழுவி வைத்தபிறகு மிஞ்சும் நேரமே கல்விக்கு ஒதுங்கியது.

(பர்கூருக்கு இதில் தனியே ஒரு நினைவு உண்டு. 1991இல் இத்தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா, அடுத்த ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001இல் அது அப்போது கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்துக்கு விரிந்தது. பெண்பிள்ளையை உயிரோடு விட்டுவையுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்த மண்ணில்தான் இப்போது அவள் எப்படி விளையாடினால் நல்லது என்று பேசுகிறோம். தூரம் கொஞ்சமல்ல.)

இனி ஆய்வுகள். இந்தத் துறையில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய ஆய்வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் இருக்கிறது. அதிகம் புழங்குவது மூளைக் கணக்கு. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. மூளையின் அளவைப் பற்றிய உண்மையாக அதை ஏற்கலாம். கற்பதில் 85 விழுக்காடு முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் நர்சரிப் பள்ளித் துண்டுப் பிரசுரங்களில் அது அப்படித்தான் இறங்குகிறது. மூன்று வயதிலேயே அபாகஸ், நான்கில் ஹிந்தி, ஐந்தில் கோடிங். பிள்ளையின் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பல அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'ஏ' எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்று அது அழுவது சோம்பலால் அல்ல.

சீக்கிரம் ஆரம்பித்தால் முந்தலாம் என்ற நம்பிக்கைக்கு நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழு செய்த ஆய்வு நல்ல மாற்று மருந்து. ஐந்து வயதில் வாசிக்கக் கற்றவர்களையும் ஏழில் கற்றவர்களையும் ஒப்பிட்டதில், பதினொரு வயது வாக்கில் வாசிப்புத் திறனில் இரு சாராருக்கும் வித்தியாசம் மிஞ்சவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நடத்திய இலவச முன்பருவப் பள்ளிகளின் கதை இன்னும் சங்கடமானது. குலுக்கல் முறையில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்ததாக 2022இல் வெளியான முடிவு காட்டியது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களும் அவர்களில்தான் அதிகம். மிச்சிகனில் 1960களில் 123 பிள்ளைகளோடு நடந்த பெரி முன்பருவப் பள்ளிச் சோதனையோ இதற்கு நேர்மாறு. அதில் படித்தவர்கள் நாற்பது வயதிலும் வேலை, வருமானம், சட்டத்தோடு மோதாமை என்று பலவற்றில் முன்னே நின்றார்கள். அங்கே ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயோடு பேசினார். ஆக, முன்பருவப் பள்ளி நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து அது ஏற்றியும் விடும், இறக்கியும் விடும்.

விளையாட்டுக் கட்சியும் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. பாவனை விளையாட்டுதான் மொழியையும் அறிவையும் படைப்பாற்றலையும் உண்டாக்குகிறது என்ற கூற்றுக்கான சான்றுகளை ஆஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வரிசையாகச் சோதித்து, பல சான்றுகள் வலுவற்றவை என்றார்கள். டெல்லியில் 1,500க்கு மேற்பட்ட முன்பருவப் பிள்ளைகளுக்குக் கணித விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்த சோதனை 2017இல் வெளியானது. எஸ்தர் டுஃப்லோவும் எலிசபெத் ஸ்பெல்கியும் அதில் பங்கேற்றவர்கள். எண்ணிக்கை, வடிவம் பற்றிய உள்ளுணர்வு பிள்ளைகளிடம் கூடியது, மாதங்கள் கழித்தும் நிலைத்தது. ஆனால் பள்ளிக்குப் போய் எழுத்துக் கணக்கு கற்றபோது அந்த முன்னிலை கைகொடுக்கவில்லை. விளையாட்டுக்கும் சிலேட்டுக்கும் நடுவே பாலம் போடப்படவில்லை. 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இந்த இடத்தில் வெளிச்சம் காட்டுகிறது. பெரியவர் ஒரு நோக்கத்தோடு கூடவே இருந்து, ஆனால் கடிவாளத்தைப் பிள்ளையின் கையில் விட்டுவைக்கும் விளையாட்டு, தொடக்கக் கணிதத்திலும் வடிவ அறிவிலும் நேரடிப் பாடத்தைவிட நல்ல பலன் தந்தது. ஜவுளிக்கடைச் சண்டையின்போது ஆயா குனிந்து சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியம்தான் இது.

ஊட்டமும் அப்படியே. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். சில குழந்தைகளுக்கு வாரம் ஒரு கிலோ பால் உணவு. சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போவார். வீட்டுச் சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். சில வீடுகளுக்கு இரண்டும். இரண்டே ஆண்டு. இருபது ஆண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பால் மட்டும் கிடைத்தவர்களிடம் நீடித்த பலன் தென்படவில்லை. வாரம் மூன்று முட்டையும் சத்துமாவும் தருவதில் பெருமைப்படும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய முடிவு இது. முட்டை வேண்டாம் என்றல்ல. முட்டையை உரித்துத் தருகிறவர் அந்த நேரத்தில் பிள்ளையோடு பேசுகிறாரா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பேசத்தான் செய்வார், நேரம் இருந்தால். ஒரு மையத்தின் காலையைப் பாருங்கள். பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். ஊர் அவர்களை டீச்சர், ஆயா என்கிறது. ஆயா கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். டீச்சர் வருகையைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடை, உயரம், உணவு எல்லாம் பதிய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுக்கு வரும் கர்ப்பிணியின் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட வேண்டும். சிக்னல் இல்லையென்றால் வாசலுக்கு வெளியே போய் நின்று பிடிக்க வேண்டும். தடுப்பூசி நாளில் நர்ஸுக்குத் துணை நிற்க வேண்டும். நடுவே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், நாளுக்குச் சில செயல்கள், பாட்டு, கதை என்று உண்மையிலேயே நல்ல புத்தகம். அதைப் பிரிக்கத்தான் கை மிச்சமில்லை.

கை மிச்சப்படுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகியோர் இம்மாநிலத்தின் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் விழுந்த மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலை பார்க்கும் இன்னொரு பணியாளரைத் தந்தார்கள். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் மொழியும் கணிதமும் கண்கூடாக ஏறின. அதைவிட யோசிக்கவைப்பது, வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும் இறங்கியதுதான். புதியவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால் பழைய டீச்சருக்கு எடைபோடவும் தாய்மாரோடு பேசவும் நேரம் கிடைத்தது. கல்விக்குச் சேர்த்த ஆள் உணவையும் சரிசெய்தார். செலவைப்போலப் பல மடங்கு பலன் என்பது அவர்கள் கணக்கு. 2024இல் உலகின் முன்னணிப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் அது அச்சாகிவிட்டது. மாநிலம் முழுக்க அது நடைமுறையாகவில்லை.

அதற்குப் பதில் நடந்தது எல்.கே.ஜி. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். பலர் இதைப் பதவி இறக்கமாக நினைத்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அனுப்ப, வகுப்புகள் மூடப்படும் என்ற செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பியது. சில நாளில் அரசு இறங்கிவந்து, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை நியமிப்பதாகச் சொன்னது. மூன்று வயதுப் பிள்ளையோடு வேலை பார்ப்பதற்கு இந்தச் சமூகம் போட்டிருக்கும் விலை அந்த எண்ணில் இருக்கிறது.

பெற்றோர் எல்.கே.ஜி. கேட்டதால்தான் தந்தோம் என்பார்கள். கேட்டார்கள், உண்மை. ஏன் கேட்டார்கள்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் நுழைவு வகுப்பு பெரும்பாலும் எல்.கே.ஜி. அரசே கட்டணம் கட்டும் அந்த இடம் வேண்டுமென்றால் மூன்று, மூன்றரை வயதில் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து வயது வரை பால்வாடியில் விட்டுவைத்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஒரு கையால் மையத்தை நடத்தும் அரசு, மறுகையால் பிள்ளையை அங்கிருந்து வெளியே இழுக்கிறது. இதற்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அரசமைப்பின் பழைய 45ஆம் பிரிவு பதினான்கு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பேசியது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிவிட்டு, ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயல வேண்டும்' என்று நிறுத்திக்கொண்டது. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், நாற்பது சிறுபிள்ளைகள் உள்ள எந்தக் குடியிருப்பும் மையம் கேட்டுப் பெறலாம் என்று ஆணையிட்டதால் கட்டடமும் சோறும் உரிமைபோல் ஆயின. கற்பிக்கும் ஆள் அந்த ஆணையின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். ஒரே மையத்தில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களால் ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. வீட்டு மொழியில் மூன்று வருடம் பேசிவந்த பிள்ளையை ஒரே நாளில் 'ஏ ஃபார் ஆப்பிள்' முன் உட்காரவைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். அதை அமைதியான பிள்ளை என்று மெச்சுவார்கள். விளையாடவிட்டால் இரண்டு மாதத்தில் தமிழில் சண்டை போடும். இந்த எல்லைப்புற ஊர்களில் பல டீச்சர்களுக்கு இரண்டு மூன்று மொழி சரளமாக வரும். அது எந்தத் தகுதிப் பட்டியலிலும் மதிப்பெண் பெறாத தகுதி.

இனி ஆலை வாசல். 2021 செப்டம்பரில், போச்சம்பள்ளி அருகே எழுந்த ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை என்று அந்நிறுவனம் அறிவித்தது. பர்கூர் சிப்காட்டின் காலணி ஆலையிலும் ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளிலும் தையல் கூடங்களிலும் பெண்கள்தான் பெரும்பாலும். இளம் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றதும் என்ன செய்வார்? மாமியாரோ தாயோ பக்கத்தில் இருந்தால் வருவார். இல்லையென்றால் வேலையை விடுவார், அல்லது பிள்ளையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். பேரப்பிள்ளையோடு மாந்தோப்புக்கும் ரேஷன் கடைக்கும் நடக்கும் பாட்டி சோர்ந்துபோய்க் கைப்பேசியைக் கையில் கொடுத்தால் அவரைத் திட்ட நமக்கு உரிமை இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, அந்த மீதி நேரத்துக்கு ஆள் இருக்கிறார் என்று நம்பித்தான்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும், பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆவது பிரிவு சொன்னது. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த ஐம்பது தொடர்கிறது. பர்கூரின் ஜவுளிக்கடைகளில் பத்துப் பேர், இருபது பேர் என்று வேலை பார்க்கும் பெண்கள் இந்தக் கணக்குகளில் எதற்குள்ளும் வரமாட்டார்கள். ஆலையிலும், விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர் தூங்கும் குழந்தையை முப்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வருவாரா? காப்பகம் ஆலைக்குள் இருப்பதைவிட வீடுகளுக்குப் பக்கத்தில் இருப்பதே அவருக்கு உதவும். அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு கட்டடம் இருக்கிறது: பால்வாடி. அது ஷிஃப்ட் தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத் திறந்து, பொழுது சாயுமுன் பூட்டப்படுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிகிறது. ஆலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வளாகத்துக்குள் பெயருக்கு ஓர் அறை காட்டுவதற்குப் பதிலாக, தொழிலாளிகள் குடியிருக்கும் ஊர்களின் மையங்களுக்கு அந்தப் பணத்தைக் கட்டலாம். காலை ஐந்தரைக்கு ஓர் ஆள், பகலில் கற்பிக்க ஓர் ஆள், இரவு பத்தரை வரை ஓர் ஆள். பர்கூர் வட்டாரத்தில் பத்து மையங்களில் தொடங்கிப் பார்க்கலாம். சம்பளம் 5,000 ரூபாயில் நிற்காது, நிற்கக் கூடாது. உள்ளூரில் பன்னிரண்டாவது முடித்து, பிள்ளைகளோடு பழகத் தெரிந்து, இரண்டு மொழி பேசும் பெண்கள் எத்தனையோ பேர் கம்பெனி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் உண்டு. 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டை எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு நகர்த்தினால் மூன்று வயதில் ஓடும் ஓட்டமும் பாதி குறையும். தனியார் பள்ளிகள் அதை விரும்பமாட்டா என்பதும் தெரிந்ததே. பேரனை வேனில் ஏற்றிய அவ்வாவிடம் இப்படி ஒரு மையம் வந்தால் அனுப்புவீர்களா என்று கேட்டேன். முதலில் அவர் கேட்டது பாடத்தைப் பற்றி அல்ல. "சாயந்தரம் எத்தினி மணி வரிக்கும் வெச்சுக்குவாங்க?"